பிளாக்செயின் தரவுத் தாமதம்

பிளாக்செயின் தரவுத் தாமதம் என்பது, ஒரு பிளாக்செயினில் உண்மையில் பதிவாகியுள்ள நிலைக்கும், வணிகரின் திரையில் தோன்றும் நிலைக்கும் இடையே ஏற்படும் வேறுபாடு ஆகும். திரையில் காணும் இருப்பையும் விலையையும் நம்பிக் கிரிப்டோ நாணயங்களை வாங்குவோரும் விற்போரும் இதனால் பொருளிழப்பு அடையக்கூடும்.

காரணங்கள்

பெரும்பாலான பணப்பை மென்பொருள்கள் பிளாக்செயினை நேரடியாகப் படிப்பதில்லை. கணு எனப்படும் கணினி, வலையமைப்பிலிருந்து பிளாக்குகளைப் பெற்றுச் சரிபார்க்கிறது. பணப்பை அக்கணுவிடம் கேட்டறிகிறது. கணு பின்தங்கினால் பெரும்பாலும் பிழைச்செய்தி வராது. பழைய விடையே புதியது போல் வந்து சேரும்.

எல்லாத் தாமதமும் பழுதன்று. பிட்காயினில் சராசரியாக 10 நிமிடங்களுக்கு ஒரு பிளாக் உருவாகிறது. எனினும் இது நிகழ்தகவு சார்ந்தது. ஏறத்தாழ 400 பிளாக்குகளுக்கு ஒன்று, ஒரு மணி நேரத்திற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். எத்தீரியத்தில் 2022 செப்டம்பர் முதல் 12 நொடிகளுக்கு ஒருமுறை பிளாக்குக்கான வாய்ப்பு வருகிறது. அங்கு ஐந்து நிமிடம் புதிய பிளாக் தென்படாவிடின், முதலில் ஐயுற வேண்டியது கணுவையே.

2020 இன்ஃபியூரா நிகழ்வு

எத்தீரியத்தின் கெத் மென்பொருளில் இருந்த ஒரு பிழை, பின்வந்த பதிப்பொன்றில் வெளிப்படையான அறிவிப்பின்றித் திருத்தப்பட்டிருந்தது. 2020 நவம்பர் 11 அன்று ஒரு பரிமாற்றம் அப்பிழையைத் தூண்டவே, பழைய பதிப்பை இயக்கிய கணுக்கள் பெரும்பான்மைச் சங்கிலியிலிருந்து பிரிந்தன. அவற்றுள் இன்ஃபியூரா நிறுவனத்தின் கணுக்களும் அடங்கும். அவற்றையே இயல்பாகச் சார்ந்திருந்த மெட்டாமாஸ்க் பணப்பையின் பயனர்கள் பாதிக்கப்பட்டனர். பைனான்ஸ் உள்ளிட்ட சந்தைகள் ஈதர் வெளியெடுப்பைத் தற்காலிகமாக நிறுத்தின. மையமின்மையைத் தன் சிறப்பாகக் கூறும் வலையமைப்பு, ஒரே நிறுவனத்தை இத்துணை சார்ந்திருந்தது வியப்பிற்குரியது.

சரிபார்க்கும் முறைகள்

ஒவ்வொரு பிளாக்கிலும் நேரக்குறி உண்டு. அதனைக் கடிகாரத்துடன் ஒப்பிட்டால் பின்தங்கல் வெளிப்படும். சங்கிலி பிரிந்திருந்தால் இது போதாது. பிரிந்த கிளையிலும் புதிய பிளாக்குகள் சேரலாம். ஆகவே இரு கணுக்களில் ஒரே எண்ணுள்ள பிளாக்கின் ஹாஷ் மதிப்பை ஒப்பிடுதல் வேண்டும். அவ்விரண்டும் ஒரே மென்பொருளின் ஒரே பதிப்பாக இருந்தால் பயனில்லை. 2020இல் பழைய கெத் கணுக்கள் இரண்டை ஒப்பிட்டவருக்கு, இரண்டும் ஒன்றுபோலவே தவறாக விடையளித்திருக்கும்.

பெருந்தொகையாயின் காத்திருப்பதே வழக்கம். பிட்காயினில் 6 உறுதிப்படுத்தல்கள் என்பது பழைய மரபு. எத்தீரியத்தில் இயல்பான நிலையில் ஏறத்தாழ 13 நிமிடங்களில் பிளாக் இறுதியாகிறது.

அனுப்பிய பரிமாற்றம் தென்படவில்லை என மீண்டும் அனுப்புவது ஆபத்தானது. இரண்டும் நிறைவேறினால் தொகை இருமுறை போய்விடும். எத்தீரியத்தில் ஒவ்வொரு கணக்கின் பரிமாற்றங்களும் வரிசை எண் பெறுகின்றன. மறுமுறை அனுப்ப நேர்ந்தால் முந்தைய வரிசை எண்ணையே இடவேண்டும்; அப்போது இரண்டில் ஒன்று மட்டுமே சங்கிலியில் ஏறும்.