ஒரே வைரஸ்தான், ஆனா தூக்கம் வேற வேற!

இன்னைக்கு நாம பேசப்போற வைரஸ், இதைக் கேட்டுக்கிட்டிருக்கிற உங்கள்ல பெரும்பாலானவங்க உடம்புலயும் இப்பவே இருக்கும். பெயர் எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமா ஈபிவி. உலகில் வயதுவந்தோரில் 90 சதவீதத்துக்கும் மேல் இது உண்டு. எச்சில் வழியா பரவும். பயப்பட வேணாம், பெரும்பாலானவர்களை இது ஆயுசுக்கும் தொந்தரவு செய்யாது.

ஆனால் 1964-ல் இதை முதன்முதலில் பார்த்ததே ஒரு கேன்சர் கட்டியில்தான், ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு வரும் பர்கிட் லிம்ஃபோமாவில். தென்சீனாவில் மூக்குக்குப் பின்னால் வரும் தொண்டைப் புற்றுநோயோடும் இதற்குத் தொடர்பு உண்டு. எல்லார்கிட்டயும் இருக்கிற வைரஸ், அங்க மட்டும் ஏன் இப்படி?

ஒரு காரணம், அது எவ்வளவு அடிக்கடி தூக்கம் கலையுது என்பது. நம் இரத்தத்தின் பி செல்களுக்குள் ஈபிவி பெரும்பாலும் தூங்கும். செல் இரண்டாகப் பிரிந்தால் அதுவும் கூடவே பிரியும், அவ்வளவுதான். விழித்துக்கொண்டால் கதையே வேற. தன்னைப் பல நகல்கள் எடுத்து, செல்லை அழித்து, வெளியே பரவும்.

விஞ்ஞானிகள் பல வருஷமா லேபில் அதிகம் பயன்படுத்தியது பி95-8 என்ற ரகம். சுரப்பிக் காய்ச்சல் வந்த ஒரு அமெரிக்க நோயாளியிடமிருந்து கிடைத்தது. இது நல்லா தூங்கும். எம்81 என்பது ஹாங்காங்கில் அந்தத் தொண்டைப் புற்றுநோய் வந்தவரிடமிருந்து எடுத்தது. ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் 2013-ல் இரண்டையும் ஒப்பிட்டார்கள். எம்81, யாரும் தூண்டாமலேயே பி செல்களில் பெருகியது. மூக்கு, தொண்டையின் உள்பக்கத்தை மூடியிருக்கும் எபிதீலியல் செல்களுக்குள்ளும் சுலபமா நுழைந்தது.

2019-ல் இன்னொரு துப்பு. வைரஸ் தன் டிஎன்ஏ-வை நகலெடுக்க உதவும் பிஏஎல்எஃப்2 என்ற ஜீனில் இருக்கும் சில மாற்றங்கள், தென்சீனாவில் இந்த நோய்க்கான ஆபத்தில் 83 சதவீதத்துக்குக் காரணம்னு ஒரு ஆய்வு கணக்கிட்டது.

இதை வெச்சு வைரஸ் மேல மட்டும் பழி போட முடியாது. பரம்பரை ஜீன்கள், அந்த ஊர்ப்பக்கம் சின்ன வயசிலிருந்தே சாப்பிடும் உப்பிட்ட மீன், இதுக்கெல்லாம் பங்கு உண்டு.

சரி, ரகம் எதுவா இருந்தா நமக்கென்ன? இருக்குங்க. ஈபிவி-க்கு இன்னும் தடுப்பூசி வரலை. தூங்குமூஞ்சி ரகத்தை மட்டும் வெச்சு சோதிச்சா, அடிக்கடி விழிக்கிற ரகத்துக்கிட்ட அது வேலை செய்யுமான்னு தெரியாமலே போயிடும்.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். கழுத்தில் வலியில்லாத கட்டி, ஒரு பக்கக் காது அடைப்பு, திரும்பத் திரும்ப மூக்கில் இரத்தம், இதெல்லாம் வாரக்கணக்கில் நீடிச்சா தள்ளிப்போடாம காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்க. பெரும்பாலும் வேற சின்னக் காரணமாத்தான் இருக்கும். ஆனா சீக்கிரம் கண்டுபிடிச்சா, இந்த நோயை நல்லாவே குணப்படுத்தலாம்.