டேக்கிள் கணக்கை நம்பி ஸ்டாப்பரை வாங்கலாமா?

டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடும் நாள் நெருங்கிவிட்டால் கால்பந்து கிளப்புகளின் சமூக வலைதளப் பக்கங்களில் புள்ளிவிவர மழைதான். வட்டவடை, கோவிலூர் பக்கமிருந்து வரும் கடிதங்களில் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் கட்சியும் உண்டு, சென்னையின் எஃப்.சி.யின் நீலக் கட்சியும் உண்டு. மாவட்டம் இடுக்கி, பேச்சு தமிழ் என்றால் அப்படித்தான் இருக்கும். இரு கட்சியும் கேட்பது ஒன்றைத்தான்: “புது ஸ்டாப்பர் போன சீசனில் டேக்கிளில் முன்னணி என்கிறார்கள். ஆள் தேறுவாரா?”

கிளப் தரும் எண் பொய்யாக இருக்காது. அது எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதில்தான் சூட்சுமம்.

எதிரணியிடம் பந்து இருந்தால்தான் டேக்கிளே போட முடியும். நாள் முழுக்க எதிரணி பந்தை உருட்டிக்கொண்டிருந்தால், சுமாரான ஸ்டாப்பருக்கும் கணக்கு ஏறும். ஓர் ஆட்டத்துக்கு 3 டேக்கிள் போடுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் அணியிடம் பந்து இருந்தது 40 சதவீத நேரம், எதிரணியிடம் 60. இன்னொருவருக்கு 2 டேக்கிள்தான், ஆனால் எதிரணிக்குப் பந்து கிடைத்ததே 35 சதவீத நேரம். இரண்டையும் சரிபாதி ஆட்டத்துக்கு மாற்றிப் பாருங்கள். முதலாமவர் 2.5, இரண்டாமவர் ஏறக்குறைய 2.9. வரிசை தலைகீழாகிவிட்டது. விளம்பர அட்டையில் இந்தத் திருத்தத்தை நான் பார்த்ததில்லை.

அதோடு முடியவில்லை. ஆப்டா போன்ற புள்ளிவிவர நிறுவனங்களின் கணக்கில், பிடுங்கிய பந்து மறுபடி எதிரணியின் காலுக்கே போனாலும் அது டேக்கிள்தான். ஸ்டாப்பரை ஏமாற்றி எத்தனை பேர் தாண்டிப் போனார்கள் என்பது வேறொரு பத்தி. அந்தப் பத்தி அட்டைக்கு வருவதில்லை.

நல்ல ஸ்டாப்பர் இடம் பார்த்து நின்றுவிடுவார். பாஸ் அந்தப் பக்கமே வராது. காவல் சரியாக இருக்கும் பூண்டுத் தோட்டத்தில் பன்றி விரட்டிய கணக்கு குறைவாகத்தானே இருக்கும்? 2001 ஆகஸ்டில் மான்செஸ்டர் யுனைடெட் தன் ஸ்டாப்பர் யாப் ஸ்டாமை லாசியோவுக்கு விற்றது. டேக்கிள் எண்ணிக்கை குறைந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று பின்னாளில் எழுதினார்கள். பயிற்சியாளர் ஃபெர்குசன் சொன்னதோ காயத்துக்குப் பிந்தைய தொய்வும் வந்த விலையும். எதுவாக இருந்தாலும், விற்றது தப்பு என்று அவரே பிறகு ஒப்புக்கொண்டார்.

அடுத்தது ‘கிளீன் ஷீட்’. கிளப் மொழியில், தற்காப்பின் வெற்றி. உள்ளபடி சொன்னால், அன்று கோல் விழவில்லை, அவ்வளவுதான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியதும் அதில் அடக்கம். 2021-22 இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனில் பிளாஸ்டர்ஸின் கோல்கீப்பர் பிரப்சுகன் கில் கோல்டன் குளவ் விருது வாங்கினார். அவருக்கு முன்னால் ஸ்டாப்பர்களாக லெஸ்கோவிச்சும் ஹோர்மிபாமும் நின்றார்கள். அந்தக் கையுறையில் யார் பங்கு எவ்வளவு என்று கிளீன் ஷீட் எண்ணிக்கை பிரித்துச் சொல்லாது.

அதற்கு உதவுவது ‘எக்ஸ்ஜி’, அதாவது ஒவ்வொரு ஷாட்டும் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்பீடு. பெனால்டிக்கு 0.75க்குச் சற்று மேலே போடுகிறார்கள். தூரத்திலிருந்து அடிக்கும் ஷாட்டுக்குப் பல நேரம் 0.03கூடத் தேறாது. அப்படிப்பட்ட பத்து ஷாட்டை விட்டுக்கொடுத்த அணியைவிட, ஒரே ஒரு பெனால்டி கொடுத்த அணியின் தற்காப்புதான் மோசம். இதிலும் அணியின் மொத்தக் கணக்குதான் கிடைக்கும், தனியாள் கணக்கு கிடைக்காது என்பது என் மனக்குறை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

கோல் அடிக்கும் ஸ்டாப்பர் நல்லவரா? 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில் நடந்த ஐ.எஸ்.எல். ஃபைனலில் மைல்சன் ஆல்வெஸ் தலையால் 2 கோல் போட்டார், சென்னையின் 3-2 என வென்றது. அன்று சென்னையின் வாங்கிய 2 கோலை யாரும் பேசுவதில்லை.

உயரம் வேண்டுமா? கார்னருக்கு வேண்டும், முதுகுக்குப் பின்னால் விழும் பந்துக்கு வேகம்தான் வேண்டும்.

மஞ்சள் அட்டை அதிகம் வாங்கினால்? தாமதமாக வந்து சேர்கிறார் என்று சந்தேகப்படுங்கள்.

ஜோடி மாறினால் எண் மாறுமா? மாறும், சில நேரம் பாதியாகவே.

மூணாறு ஃபின்லே ஷீல்டு ஆட்டத்தில் இதையெல்லாம் கணக்குப் போட முடியுமா? முடியும், ஒருவர் டேக்கிளை எழுத, இன்னொருவர் எதிரணியிடம் பந்து இருக்கும் நேரத்தை ஸ்டாப் வாட்சில் பிடிக்க வேண்டும்.