மூன்று வேளைச் சோறும் ஒரு ஜோடி ஷூவும்

விடிவதற்கு முன்பே தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைப் பக்கம் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிடுகிறார்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகிறவர்கள்தான் அதிகம். பள்ளி, கல்லூரி அணியில் இடம்பிடிக்க ஓடுகிறவர்களும் உண்டு. சரக்கு வண்டி வந்தால் ஓரமாக ஒதுங்கி, வழிவிட்டு, மறுபடி ஓடுகிறார்கள். பலருக்குக் காலில் சரியான ஷூ கிடையாது. வயிற்றில் ஒரு டம்ளர் டீக்கு மேல் ஒன்றும் இருக்காது.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. "சேரிப் பசங்களுக்கு என்னப்பா, உழைச்ச உடம்பு, தானா ஓடும்" என்பார்கள். கேட்கப் பாராட்டு மாதிரி இருக்கும். ஆனால் தானாக ஓடுகிற உடம்புக்கு முட்டை எதற்கு, ஷூ எதற்கு, பயிற்சியாளர் எதற்கு என்ற கேள்வியும் அதே பேச்சுக்குள் ஒளிந்திருக்கிறது.

எந்த உடம்பும் தானாக ஓடுவதில்லை. அதற்குச் சாட்சி சாந்தி சௌந்தரராஜன்.

சூளையிலிருந்து தோஹாவுக்கு

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளையில் வேலை பார்த்த தலித் பெற்றோருக்கு 1981-ல் பிறந்தவர் சாந்தி. ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். பெற்றோர் வெளியூர்ச் சூளைக்குப் போய்விட்டால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. சத்தான சாப்பாடு இல்லாமல் வளர்ந்த குழந்தை. குடிசைக்கு வெளியே இருந்த மண்தரையில் அவருக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. 13 வயதில் முதல் ஜோடி ஷூ வாங்கித் தந்தவரும் அவர்தான்.

பள்ளிப் போட்டிகளில் சாந்தி கோப்பைகளை வாங்கிக் குவித்தபோது, பக்கத்துப் பள்ளியின் விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் கண்ணில் பட்டார். அந்தப் பள்ளியில் படிப்புச் செலவு, சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் கிடைத்தன. ஒரு நாளில் மூன்று வேளையும் அவர் சாப்பிட்டது அப்போதுதான் முதல்முறை.

பிறகு உதவித்தொகையோடு கல்லூரிப் படிப்பு, தொடர்ந்த பயிற்சி. 2005-ல் தென்கொரியாவின் இன்சியானில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மறுபடியும் வெள்ளி.

உடம்பு எப்படித் தயாராகிறது

800 மீட்டரை வேகப் போட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அதற்கு வேண்டிய ஆற்றலில் பாதிக்கு மேல் மூச்சுக்காற்றின் ஆக்சிஜனிலிருந்துதான் வருகிறது. தூரம் கூடக்கூட இந்தப் பங்கும் கூடும். ஆகவே ஆக்சிஜனைத் தசைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் தாக்குப்பிடித்து ஓடுவதன் அடிப்படை.

ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 70 முறை துடிப்பது சாதாரண இதயம். பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற நெடுந்தூர வீரருக்கு 40 முறை துடித்தாலே போதும். இதயத்தின் இடது கீழறை விரிந்து, ஒரே துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. பயிற்சி இல்லாத இளைஞரின் உடம்பு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்குச் சுமார் 40 மில்லி ஆக்சிஜனைப் பயன்படுத்தும். உலகத்தர வீரர்களிடம் இது 70-ஐத் தாண்டும். பிறவியில் சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக வாய்க்கலாம். ஆனாலும் பல ஆண்டுப் பயிற்சி இல்லாமல் யாரும் அந்த இடத்தைத் தொட்டதில்லை.

இந்த மாற்றங்கள் நிலைப்பது ஓடி முடித்த பிறகு, சாப்பிட்டுத் தூங்கும்போது. அதனால்தான் கூலி வேலையைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. பயிற்சியில் இன்று கடினம் என்றால் நாளை ஓய்வு உண்டு. சூளையில் அந்த ஓய்வு கிடையாது, தேய்ந்த உடம்பை ஈடுகட்டச் சோறும் கிடையாது. கல் சுமந்ததால் சாந்தி வென்றார் என்பது தவறு. சாப்பாடும் பயிற்சியும் கிடைத்ததால் வென்றார்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஆக்சிஜனைச் சுமப்பது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். அது குறைந்தால் எவ்வளவு பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கும். வயதுக்கு வந்த பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று பொருள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

இதற்கு விலை உயர்ந்த பவுடர் டப்பா தேவையில்லை. ஈரல், சுவரொட்டி, மாட்டுக்கறி, கருவாடு, முட்டை, முருங்கைக்கீரை, கம்பு, வேர்க்கடலை என்று நம் வீட்டுச் சமையலிலேயே சத்து இருக்கிறது. இழிவாகப் பேசப்பட்ட நம் சாப்பாட்டில் பல, ஓடுகிறவருக்கு வேண்டிய இரும்புச்சத்தும் புரதமும் நிறைந்தவை. கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது குறையும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

மனசுக்கும் பயிற்சி உண்டு

தினமும் மூச்சு முட்ட ஓடினால்தான் முன்னேற்றம் என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். உலகத்தர நெடுந்தூர வீரர்கள் தங்கள் ஓட்டத்தில் பெரும்பகுதியை, பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதானத்தில்தான் முடிக்கிறார்கள். கடுமையான ஓட்டம் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான். முதல் சுற்றில் முந்தும் ஆசையை அடக்குவதும், கால் கனக்கும்போது அடுத்த வளைவு வரை மட்டும் யோசிப்பதும் பழகப் பழக வருகிற திறமைகள். ஒரு நோட்டில் ஓடிய தூரத்தையும் தூங்கிய நேரத்தையும் எழுதி வைத்தாலே பாதி மனப்பயிற்சி.

மீதிப் பாதி, பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. தோஹாவில் பதக்கம் வென்ற பிறகு, பெண்தானா என்ற சோதனைக்குச் சாந்தி உட்படுத்தப்பட்டார். பதக்கம் பறிக்கப்பட்டது. தமிழக அரசு தந்த 15 லட்சம் ரூபாயைக் கொண்டு பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தந்தார். ஆனால் பதக்கத்துக்காக வழக்காட விளையாட்டு அமைப்புகள் எதுவும் முன்வரவில்லை. 2012-ல் அவர் நாளுக்கு 200 ரூபாய் கூலிக்குச் செங்கல் சூளையில் நின்றார்.

2014-ல் ஒடிசா வீராங்கனை துத்தீ சந்த் இதே போன்ற விதியால் தடுக்கப்பட்டபோது இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் 2015 ஜூலையில் அந்த விதியை நிறுத்திவைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் துத்தீ இரண்டு வெள்ளி வென்றார். சாந்திக்கு அந்தத் துணை கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சாந்தி ஓய்ந்துவிடவில்லை. 2013-ல் பயிற்சியாளர் பட்டயப் படிப்பில் சேர்ந்து முடித்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார். தாத்தா தனக்குச் செய்ததை இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்குச் செய்கிறார். பறித்த பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

தட்டாஞ்சாவடிப் பிள்ளைகளுக்கு வேண்டியதும் பெரிய பட்டியல் இல்லை. வண்டி வராத ஓர் ஓடுபாதை, அதில் விளக்கு, உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்துக்குப் போய்வர வசதி, ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஓடிவிட்டு வரும் மாணவருக்கு ஒரு முட்டையும் ஒரு கிண்ணம் சுண்டலும். இவற்றைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் வேலை, ஊர்ப் பெரியவர்களின் வேலை.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலை உங்கள் வீட்டுப் பிள்ளை ஓடக் கிளம்பினால், முதல்நாள் இரவே ஊறவைத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து அனுப்புங்கள். திரும்பி வந்ததும், இன்று எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.