வங்கி தேர்ந்தெடுத்த கடற்கரை: கான்கூனின் வரவும் செலவும்

உலகின் புகழ்பெற்ற கடற்கரைச் சுற்றுலா நகரங்களில் பெரும்பாலானவை மீனவர் குடியிருப்பாகவோ சிறு துறைமுகமாகவோ தொடங்கி, பயணிகளின் வரவால் மெல்ல உருமாறியவை. மெக்சிகோவின் யுகதான் தீபகற்பத்தின் வடகிழக்கு முனையில், கரீபியன் கடலை நோக்கி அமைந்துள்ள கான்கூன் அவ்வாறு தானாக வளர்ந்த ஊரன்று. 1960களின் இறுதியில், நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தரும் வழிகளைத் தேடிய மெக்சிகோவின் மைய வங்கி, நாட்டின் கடற்கரைகள் பலவற்றின் தட்பவெப்பம், கடல்நீரின் தன்மை, அமெரிக்க நகரங்களிலிருந்து உள்ள தொலைவு, சுற்றுவட்டார மக்களின் வறுமை ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இடம் அது. அப்போது அங்கிருந்த மணல்தீவில், தென்னந்தோப்பைக் காவல் காத்த ஒருசிலரைத் தவிர வேறெவரும் வசிக்கவில்லை.

திட்டத்தைச் செயல்படுத்த 1969-இல் சுற்றுலா உள்கட்டமைப்புக்கெனத் தனி நிதியம் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. 1974-இல் அது ஃபோனதூர் என்னும் தேசியச் சுற்றுலா மேம்பாட்டு நிதியமாக விரிவடைந்தது. இன்டர்-அமெரிக்க வளர்ச்சி வங்கி 1971-இல் 2 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைக் கடனாக வழங்கியது. 1974-இல் முதல் விடுதிகள் திறக்கப்பட்டன. அதே ஆண்டு அக்டோபரில், அதுவரை மத்திய அரசின் நேரடி ஆட்சியில் இருந்த கின்தானா ரோ பகுதி தனி மாநிலமாயிற்று. 1981 அக்டோபரில் வளர்ந்த நாடுகளும் வளரும் நாடுகளும் கூடிப் பேசிய வடக்கு-தெற்கு உச்சி மாநாடு இங்கே நடைபெற்றபோது, இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் அதில் கலந்துகொண்டார். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 8.9 லட்சம். அரை நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த இந்த வளர்ச்சியை வங்கி எதிர்பார்த்த வரவு என்று கொண்டால், அதற்காக மண்ணும் மக்களும் கடலும் கொடுத்துவரும் விலையையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே கான்கூன் முழுமையாகப் புரியும்.

இரண்டு நகரங்கள்

வரைபடத்தில் 7 என்ற எண்ணின் வடிவில் தோன்றும், 20 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஒடுங்கிய மணல்தீவுதான் விடுதி மண்டலம். அதன் ஒருபுறம் கரீபியன் கடல், மறுபுறம் நிச்சுப்தே காயல். இருமுனைகளிலும் பாலங்கள் அதை நிலத்தோடு இணைக்கின்றன. குகுல்கான் பெருஞ்சாலை தீவின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. தொழிலாளர்களும் அலுவலர்களும் வாழ்வதற்கான நகரம் காயலுக்கு அப்பால், நிலப்பகுதியில் தனியே திட்டமிடப்பட்டது. சூப்பர்மன்சானா எனப்படும் பெரும் குடியிருப்புத் தொகுதிகளாக அது வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் பூங்காவும் பள்ளியும் கடைகளும் அமையுமாறு வரையப்பட்டது. ஆனால், வேலை தேடி யுகதான், தபாஸ்கோ, சியாபாஸ் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்களின் எண்ணிக்கை திட்டத்தின் எல்லையை விரைவில் மீறியதால், நகரின் வடபுறத்தில் குடிநீரும் கழிவுநீர் வசதியும் இல்லாத குடியிருப்புகள் பெருகின.

இவ்வாறு வந்தவர்களில் மாயா இனத்தவர் கணிசமானோர். மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகியவற்றைக் கலந்து பயிரிடும் மில்பா வேளாண்மையில் தலைமுறைகளாக ஈடுபட்டிருந்த குடும்பங்கள், கான்கூனில் கட்டடத் தொழிலாளர்களாகவும் விடுதிப் பணியாளர்களாகவும் மாறின. சான் கோம் என்னும் மாயா கிராமம் இதற்கு நன்கு ஆராயப்பட்ட சான்று. மானிடவியலாளர் அலிசியா ரே குரூஸ், அக்கிராமத்தினர் ஊரின் வயலுக்கும் நகரத்தின் கூலிக்கும் இடையே பிளவுபட்ட வாழ்வை விரிவாகப் பதிவுசெய்துள்ளார்.

விடுதி மண்டலத்தில் தங்கும் பயணி, இவர்களின் நகரத்தைப் பார்க்காமலே ஊர் திரும்பிவிடுவது எளிது. அறை, உணவு, மது, கேளிக்கை அனைத்துக்கும் புறப்படும் முன்பே மொத்தமாகப் பணம் செலுத்திவிடும் 'அனைத்தும் அடங்கிய' கட்டணமுறை இங்கு பரவலாக உள்ளதால், விடுதி வாயிலைத் தாண்டிச் செல்லவேண்டிய தேவையே பலருக்கு எழுவதில்லை. இத்தனைக்கும் குகுல்கான் சாலையில் அடிக்கடி ஓடும் ஆர்-1, ஆர்-2 எண் பேருந்துகள் சிறு கட்டணத்தில் நகரத்துக்குள் கொண்டுசேர்க்கின்றன. அங்கே லாஸ் பலாபாஸ் பூங்காவில் மாலைநேரத்தில் உள்ளூர்க் குடும்பங்கள் கூடுகின்றன. தள்ளுவண்டிக்காரர் மாவுக் கரைசலை வட்ட இரும்பு அச்சில் ஊற்றி, இருபுறமும் திருப்பிச் சுட்டு, சூடாக இருக்கும்போதே துருவிய எடாம் பாலாடைக்கட்டியைத் தூவி, குழல்போலச் சுருட்டித் தருகிறார். ஆறும்போது மொறுமொறுப்பாக இறுகும் இந்த மார்கெசிதா, யுகதானுக்கே உரிய தின்பண்டம். புளிப்பு நாரத்தைச் சாறும் ஜாப்ரா விதைச் சாந்தும் சேர்த்து மெதுவாக வேகவைத்த பன்றிக்கறியான கொச்சினிதா பிபில், செம்பருத்தி வகைப் பூவிலிருந்து தயாரிக்கப்படும் செந்நிறக் குளிர்பானம் ஆகியவையும் நகரக் கடைகளில்தான் அவற்றின் இயல்பான சுவையோடு கிடைக்கின்றன.

மணலின் கணக்கு

கான்கூன் கடற்கரையின் வெண்மணல், மலைப்பாறை உடைந்து ஆற்றோடு வந்த மணலன்று. சுண்ணாம்புப் பாறையால் ஆன யுகதான் தீபகற்பத்தின் வடபகுதியில் நிலத்தின்மேல் ஓடும் ஆறுகளே இல்லை. வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில், நுண்ணிய துகள் ஒன்றைச் சுற்றிச் சுண்ணாம்பு அடுக்கடுக்காகப் படிவதால் உருவாகும் ஊலைட் என்னும் உருண்டை மணிகள் அதில் நிறைந்துள்ளன. உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் அவை மீன் முட்டைகள்போல வழவழப்பாகத் தோன்றும். வெளிர்நிறமானது வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுவதால், நண்பகலிலும் இம்மணல் பாதத்தை அவ்வளவாகச் சுடுவதில்லை.

கரையை ஒட்டிய மணல்மேடு, இயற்கை சேமித்துவைத்திருக்கும் இருப்பு. புயலின்போது அலைகள் மேட்டின் மணலை இழுத்துச் சென்று கடலடியில் திட்டாகப் படியவைக்கின்றன. அத்திட்டு அடுத்த அலைகளின் வேகத்தைத் தணிக்கிறது. அமைதியான மாதங்களில் மணல் மீண்டும் கரையேறுகிறது. விடுதிகள் பல இந்த மேட்டின்மீதே கட்டப்பட்டதால் இப்போக்குவரத்து தடைபட்டது. 1988 செப்டம்பரில் கில்பர்ட் சூறாவளியும், 2005 அக்டோபரில் வில்மா சூறாவளியும் இதன் விளைவை வெளிப்படுத்தின. வில்மா அக்டோபர் 21 முதல் 23 வரை இப்பகுதியை விட்டு நகராமல் சுழன்றது. அருகிலுள்ள முஹேரெஸ் தீவில் ஒரே நாளில் 1,600 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பதிவாயிற்று. புயல் ஓய்ந்தபோது கரையின் பல இடங்களில் மணல் அகன்று வெறும் பாறை எஞ்சியிருந்தது.

அதன்பின் 2006-இலும் மீண்டும் 2009-10-இலும் கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி எடுத்துக் கரையில் கொட்டி அரசு கடற்கரையை நிரப்பியது. இன்று பயணி கால்பதிக்கும் மணலில் பெரும்பகுதி இவ்வாறு கொண்டுவரப்பட்டதே. மணல் எவ்வளவு அரிய பொருளாகிவிட்டது என்பதற்கு 2009-இல் நிகழ்ந்த ஒன்றைக் குறிப்பிடலாம்: தன் கரைக்கு மட்டும் மணலைத் தேக்கிவைத்துக்கொண்டதாக எழுந்த புகாரின்பேரில், ஒரு விடுதியின் முன்னிருந்த கடற்கரையைச் சுற்றுச்சூழல் அதிகாரிகள் மூடினர். காயலோரம் நின்று வெள்ளத்தைத் தாங்கிவந்த அலையாத்திக் காடுகளும் கட்டுமானத்துக்காக அழிந்துவருகின்றன. தஹமார் என்னும் இடத்தில் 2016 ஜனவரியில் அத்தகைய காடு இயந்திரங்களால் அழிக்கப்பட்டது நகரமக்களிடையே பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. அதைக் காக்க நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பெயரில் வழக்கும் தொடுக்கப்பட்டிருந்தது.

கடல் அனுப்பும் செய்தி

2011 முதல் கரீபியன் கரைகளில் சர்காசம் என்னும் பழுப்புநிற மிதக்கும் கடற்பாசி பெருமளவில் ஒதுங்கத் தொடங்கியது. மெக்சிகோவின் கரையில் 2015-இலும் 2018-இலும் அது மிகுதியாகக் குவிந்தது. கரையில் அழுகும்போது அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை அது வெளியிடுவதோடு, நீரின் ஆக்சிஜனைக் குறைத்துக் கடற்புல்லையும் பவளத்தையும் வாடச்செய்கிறது. கடற்படைக் கலங்களும் மிதவைத் தடுப்புகளும் விடியற்காலையில் மண்வாரியோடு இறங்கும் பணியாளர்களும் சேர்ந்து அதை அகற்றுகின்றனர்.

மெசோஅமெரிக்கப் பவளத்திட்டு எனப்படும், உலகின் இரண்டாவது நீண்ட தடுப்புப் பவளத்தொடர் இக்கரைக்கு அருகிலேயே தொடங்குகிறது. சுண்ணாம்பு நிலத்தின் துளைகள் வழியே கசியும் கழிவுநீர் விரைவில் கடலைச் சேர்வதால், நகரின் ஒவ்வொரு குறையும் பவளத்தின்மேல் படிகிறது. நீந்துவோரின் நெரிசலைப் பவளத்திட்டிலிருந்து திசைதிருப்பும் நோக்கத்துடன் 2009-இல் தொடங்கப்பட்ட கடலடி அருங்காட்சியகம் ஒரு நல்ல முயற்சி. சிற்பி ஜேசன் டிகேர்ஸ் டெய்லர், உள்ளூர் மக்களையே மாதிரியாகக் கொண்டு நூற்றுக்கணக்கான உருவங்களைப் பவளம் ஒட்டி வளரத்தக்க சிமென்டில் வார்த்துக் கடலடியில் நிறுத்தினார்.

பயணிக்குத் தெரிந்திருக்க வேண்டியவை

முஹேரெஸ் தீவு அரணாக நிற்பதால் 7 வடிவத் தீவின் மேல்கோட்டில் உள்ள லங்கோஸ்தா, தோர்துகாஸ் கடற்கரைகளில் அலை அடங்கியிருக்கும். கீழ்நோக்கிய நீண்ட கோட்டில் அமைந்த டெல்ஃபினெஸ் போன்ற கரைகளில் உள்ளிழுக்கும் நீரோட்டம் வலியது. கரையில் ஏற்றப்படும் கொடியின் நிறத்தை மதிக்காமல் அங்கே இறங்குவது உயிருக்கே ஆபத்து. டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்கள் புயலும் சர்காசமும் குறைந்தவை. விடுதி மண்டலத்துக்குள்ளேயே கி.பி. 1200-க்குப் பின் செழித்திருந்த எல் ரே என்னும் மாயா குடியிருப்பின் மேடைகளும் தூண்களும் நிற்கின்றன. 2012-இல் திறக்கப்பட்ட மாயா அருங்காட்சியகமும் அருகிலேயே உள்ளது. வங்கி தேர்ந்தெடுப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இக்கரையில் மீன்பிடித்தும் கடல்வழி வணிகம் செய்தும் மக்கள் வாழ்ந்திருந்தனர் என்பதை அவை உணர்த்துகின்றன.

மெக்சிகோவின் சட்டப்படி கடற்கரை எவருக்கும் தனியுடைமையாகாது. 2020-இல் செய்யப்பட்ட திருத்தம், கரைக்குச் செல்லும் வழியை மறிப்பவர்களுக்குத் தண்டம் விதிக்கிறது. கான்கூனுக்குச் செல்லும் பயணி இந்த உரிமையை உள்ளூர் மக்களோடு சேர்ந்து பயன்படுத்த வேண்டும்; மணல்மேட்டுச் செடிகளை மிதிக்காமலும் பவளத்தைத் தொடாமலும் இருக்க வேண்டும்; செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது காயலுக்கு அப்பாலுள்ள கடைத்தெருவில் செலவிட வேண்டும். கடற்கரைச் சுற்றுலாவைத் திட்டமிடும் எந்த அரசும், மணல்மேட்டையும் தொழிலாளர் வீட்டையும் முதல்நாள் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே கான்கூன் தரும் பாடம்.