வாசித்தவர், கற்பித்தவர்: ஷேக் சின்ன மௌலானா

நாதஸ்வரம் யாருடைய வாத்தியம் என்று வினவினால், கோயில் வாத்தியம் என்பதே நம்மவரிற் பலரின் விடையாக இருக்கும். அவ்விடை பிழையன்று, ஆயினும் முழுமையானதுமன்று. தென்னிந்தியாவின் தலைசிறந்த நாதஸ்வர வித்துவான்களுள் ஒருவர், திருவரங்கத்தில் வாழ்ந்து வாசித்தவர், ஐவேளைத் தொழுகைக்குரிய மார்க்கத்தில் பிறந்த ஒரு முஸ்லிம் என்பதை நம் இளந்தலைமுறை அறிந்திருக்குமோ என்ற ஐயம் நமக்கு உண்டு.

ஷேக் சின்ன மௌலானா 1924ஆம் ஆண்டு ஆந்திரத்தில், ஒங்கோலை அண்மித்த கரவதி என்னும் கிராமத்தில் பிறந்தார். குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரத்தையே சீவியமாகக் கொண்ட முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் உள்ளன. ஆலய உற்சவங்களிலும் திருமணங்களிலும் வாசிப்பது அவர்களின் தொழில். பள்ளிவாசலுக்குச் செல்வது அவர்களின் வழிபாடு. இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அக்கிராமத்தவர் கருதியதாகத் தெரியவில்லை. மௌலானாவும் தந்தையாரிடத்தும் பின்னர் சிலகலூரிப்பேட்டை மரபைச் சேர்ந்த ஆதம் சாகிபிடத்தும் பயின்றார்.

அவருடைய வாழ்வில் எம்மை வியக்கவைப்பது இதற்குப் பின்னர் நிகழ்ந்ததே. தம் நாட்டில் பெயர் பெற்ற வித்துவானாக இருந்த அவர், திருவாவடுதுறை ரி. என். இராஜரத்தினம்பிள்ளையின் வாசிப்பில் மனதைப் பறிகொடுத்தார். தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றே தீருவது என்று முடிவு செய்து, நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மீண்டும் மாணவராக அமர்ந்தார். மேடையேறிச் சன்மானம் பெற்றுவிட்ட ஒருவர் மறுபடியும் பாயில் அமர்ந்து பாடம் கேட்பதென்பது சாதாரண காரியமன்று. நம் மத்தியில் அரங்கேற்றம் முடிந்த மறுநாளே ஆசிரியரை மறந்துவிடுவோர் இருக்கின்றனர் என்பதையும் இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை.

நாதஸ்வரத்தை அறிந்தோருக்கே அந்த முடிவின் கடுமை விளங்கும். அவ்வாத்தியத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழே. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய அசைவுகளையெல்லாம் துளையைப் பாதி மூடியும், மூச்சை அடக்கியும், சீவாளியை உதடுகளால் இறுக்கியுமே எழுப்பவேண்டும். ஆகவே பாணியை மாற்றுவதென்றால் விரல், உதடு, மூச்சு ஆகிய மூன்றின் பழக்கத்தையும் மாற்றுவதாகும். புத்தகத்தைப் பார்த்தோ ஒலிநாடாவைக் கேட்டோ மட்டும் இது கைவராது. குருவின் முன்னிலையில் பல்லாண்டுகள் ஊதித் தீர்க்கவேண்டும். மௌலானா அவ்வாறு கற்ற பின், இராகத்தை ஆற அமர விரித்துச் செல்லும் தஞ்சாவூர் வாசிப்பின் முன்னணிப் பிரதிநிதியாகவே கொள்ளப்பட்டார்.

திருவரங்கத்தில் குடியேறிய அவர் தம் பெயரையோ மார்க்கத்தையோ மாற்றிக்கொண்டவர் அல்லர். அவ்வூரும் அதனை அவரிடம் வேண்டவில்லை. 1977இல் பத்மஸ்ரீ விருதும், 1998இல் சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருதும் அவரை வந்தடைந்தன. காசியில் ஷெனாய் வாசித்த உஸ்தாத் பிஸ்மில்லா கானோடு அவரை ஒப்பிட்டுப் பேசுவோர் உளர். ஒப்பீடு பொருத்தமானதே, எனினும் மௌலானாவின் பணி வாசிப்போடு முடியவில்லை.

1982ஆம் ஆண்டு அவர் திருவரங்கத்தில் சாரதா நாதஸ்வர சங்கீத ஆச்சிரமத்தை நிறுவினார். முஸ்லிம் வித்துவான் ஒருவர் கலைமகளின் பெயரில் அமைத்த நிலையம் அது. அவருடைய பேரர்களான காசிம், பாபு ஆகியோர் அவ்வழியில் வந்த வித்துவான்கள். ஷேக் மஹபூப் சுபானி, காலீஷாபி மஹபூப் தம்பதியரும் அவருடைய மாணாக்கரே. பெண்கள் அரிதாகவே கையிலெடுக்கும் இவ்வாத்தியத்தை ஒரு முஸ்லிம் பெண்மணி கணவருடன் அமர்ந்து மேடையில் வாசிக்கிறார். 2020இல் இருவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, 1999 ஏப்ரலில் காலமான ஆசிரியரின் பெயரும் மீண்டும் பேசப்பட்டது.

இதனை வன்னியிலிருந்து நோக்கும்போது சில எண்ணங்கள் எழுகின்றன. வைகாசிப் பொங்கலன்று வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலில் மேளம் முழங்கும். அங்கிருந்து தொலைவில் இல்லாத தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் முஸ்லிம் மக்கள் காலங்காலமாக வாழ்ந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களும் போகவேண்டியதாயிற்று. 2009இல் அதே மண்ணின் தமிழ் மக்களும் அனைத்தையும் இழந்து வவுனியா முகாம்களுக்குச் சென்றனர். பொங்கல் மேளத்தை அயலில் இருந்து கேட்டு வளர்ந்த முஸ்லிம் சிறுவர்கள் புத்தளத்தில் முதியவர்களானார்கள். திரும்பி வந்தோரின் காணிப் பிரச்சினைகளை நாம் அறிவோம். அறுந்த பழக்கவழக்கங்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மற்றொன்று, கற்பித்தல் பற்றியது. இணுவில், அளவெட்டி போன்ற ஊர்களின் கலைஞர் குடும்பங்களே வடக்கின் நாதஸ்வரத்தையும் தவிலையும் காத்து வந்தன. விடிய விடிய மேளச்சமா இரசித்துத் தலையாட்டிய நம் சமூகம், அக்கலைஞர்களைச் சாதியின் பெயரால் வாசலோடு நிறுத்தியதும் உண்மையே. அதனாலேயே பிள்ளைகளை இத்துறையில் விட விரும்பாத கலைஞர்கள் இருக்கின்றனர். அவர்கள் மீது குறை காண நமக்கு உரிமையில்லை. மின்சாரத்தில் இயங்கும் முரசும் மணியும் இப்போது பல ஆலயங்களில் பூசைவேளைக்குப் போதுமாயிருக்கின்றன.

வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் ஆகியவற்றைப் பயிலும் பிள்ளைகள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர், எந்தக் குடும்பத்தவராயினும் எந்த மதத்தவராயினும், சீவாளியைக் கையில் எடுக்க விரும்பினால் அவருக்குப் பாய் விரித்துப் பாடம் சொல்ல ஆசிரியர் ஒருவரை அமர்த்துவதற்கு ஆலய பரிபாலன சபைகள் ஒரு திருவிழாச் செலவின் சிறு பகுதியை ஒதுக்கினாலே போதும்.