கூரை மதிப்பீட்டில் விடுபடும் ஒரு வரி

வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன் கேட்டு வருவோர் கொண்டுவரும் மதிப்பீடுகளில் கம்பி, சிமெண்ட், எம்-சாண்ட், கூலி ஆகியன துல்லியமாகக் கணக்கிடப்பட்டிருக்கும். இடித்த பழைய கூரை எங்கே போகும் என்பதற்கு மட்டும் பெரும்பாலும் தொகை இராது. "இடிபாடு அகற்றல் – ஒப்பந்ததாரர் பொறுப்பு" என்று ஒரு வரி இருக்கும். சிலவற்றில் அதுவும் இராது. பல்லாண்டுகளாகக் கடன் பிரிவில் இத்தகைய மதிப்பீடுகளைச் சரிபார்த்து வரும் நானே, சொந்த வீட்டுக்கு அதே வரியின் கீழ்க் கையெழுத்திட்டவன்.

பெங்களூரு ஜோகுபாளையத்தில், அல்சூர் ஏரியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் எங்கள் வீடு உள்ளது. தேக்கு உத்திரங்களின்மேல் செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லி இட்டு இடித்த பழைய மெட்ராஸ் தளம். ஒழுக்கு அடைத்து அடைத்துச் சலித்து, காங்கிரீட் தளமாக மாற்ற முடிவு செய்தோம்.

இங்கே சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். தளப்பரப்பு 600 சதுர அடி. கனம் ஏறத்தாழ 8 அங்குலம். ஆகக் கன அளவு 400 கன அடி, அதாவது நான்கு யூனிட். இடித்தபின் இடைவெளி விழுந்து அது ஆறு யூனிட் வரை பெருகும். எடையோ ஏறக்குறைய 20 டன். மூன்று யூனிட் டிப்பர் லாரி வாசலுக்கு வருமாயின் இரண்டு நடையில் தீரும். எங்கள் சந்தில் ஆட்டோ திரும்புவதே அரிது. முக்கால் டன் ஏற்றும் சிறு சரக்கு வண்டியாயின் இருபத்தேழு நடை. இரண்டு நடைக்கும் இருபத்தேழு நடைக்கும் உள்ள வேறுபாட்டை யார் தாங்குவது? தொகை எழுதப்படாத வரிக்கு எவரும் செலவு செய்யமாட்டார் என்பதை வணிகவியல் படித்தவன் முன்பே உணர்ந்திருக்க வேண்டும்.

ஒப்பந்ததாரர் நான்கைந்து நடை எடுத்தார். எஞ்சியதைச் சந்து முனையில், மழைநீர் வடிகாலின் ஓரமாகக் குவித்துவிட்டு, "நாளை எடுத்துவிடுவோம் சார்" என்றார். இரண்டு நாள் கழித்து ஐப்பசி மழை பெய்தது. செங்கல் தூளும் காரையும் கரைந்து வடிகாலை அடைக்க, தாழ்வான கோடியில் உள்ள வீட்டுக்குள் நள்ளிரவில் நீர் புகுந்தது. அப்பளம் இட்டுக் கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கும் மூதாட்டி ஒருவரின் வீடு அது. தரையில் அடுக்கியிருந்த உளுந்து மாவும் காய வைத்திருந்த அப்பளமும் போயின. காலையில் நான் சென்றபோது அவர் ஏசவில்லை. "உங்க வீட்டுக் கூரைய எங்க வீட்டுக்குள்ள இறக்கிட்டீங்களே, தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, நீரை முறத்தால் வாரிக்கொண்டிருந்தார். சரக்கின் மதிப்பை ஈடு செய்தேன். தீபாவளிக்கு முந்திய பத்து நாள் வியாபாரத்தை ஈடு செய்ய இயலவில்லை.

சட்டப்படியும் பொறுப்பு என்னுடையதே. 2016ஆம் ஆண்டின் கட்டுமான, இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள், கழிவை உண்டாக்குபவரே அதற்குப் பொறுப்பு என்றன. சாலையிலோ வடிகாலிலோ கொட்டுதல் கூடாது. தம் வளாகத்துக்குள் வைத்து, உள்ளாட்சி அமைப்பு குறித்த இடத்தில் சேர்ப்பிக்க வேண்டும். நாளொன்றுக்கு 20 டன்னுக்கு மேலோ, மாதத்தில் ஒரு பணிக்கு 300 டன்னுக்கு மேலோ உண்டாக்குவோர் வகை பிரித்துத் தருவதுடன், கழிவு மேலாண்மைத் திட்டமும் அளிக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. ஒரே நாளில் தளத்தை இடித்திருந்தால் நானும் அவ்வரம்பைத் தொட்டிருப்பேன்.

அமெரிக்காவில் கூரை மாற்றுவோர் வேலைக்கு முன்பே 'டம்ப்ஸ்டர்' எனும் இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்திவிடுவர். அப்பெயர் 1930களில் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் டெம்ப்ஸ்டர் சகோதரர்களின் நிறுவனம் உருவாக்கிய தொட்டியிலிருந்து வந்தது. நம் சந்துகளுக்கு அத்தொட்டி பொருந்தாது. சாக்கு மூட்டையே பொருந்தும். ஆயினும் இடிக்குமுன் ஏற்பாடு செய்யும் வழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ளலாம். மீதிக் குவியலை அவ்வாறே மூட்டைகளாகக் கட்டி, வண்டி நிற்கக்கூடிய பெரிய தெருவரை தலைச்சுமையாகக் கொண்டுசென்று அனுப்பினோம்.

எல்லாமே குப்பையும் அன்று. சுண்ணாம்புக் காரை மென்மையானது. ஆதலால் பழைய செங்கல் உடையாமல் பிரிந்து வரும். தேக்கு உத்திரங்களுக்குப் பழைய மர வியாபாரிகளிடம் நல்ல விலை உண்டு. அதை ஒப்பந்ததாரர் எடுத்துக்கொள்வாரா, உரிமையாளருக்கு வரவு வைப்பாரா என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ள வேண்டும். காங்கிரீட் இடிபாட்டை அரைத்து ஜல்லியாக்கும் ஆலைகளும் உள்ளன. தில்லியின் புராரியில் அத்தகைய ஆலை 2009இல் தொடங்கியது. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மறுசுழற்சி ஜல்லியை வரையறையுடன் அனுமதித்தது. கல்நார் தகட்டுக் கூரையாயின் எச்சரிக்கை கூடுதலாக வேண்டும். உடைத்தால் நுண்ணிழைகள் காற்றில் பரந்து நுரையீரலைப் பாதிக்கும். நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, தனியே கட்டி வைப்பதே முறை. செங்கல்லோடு கலத்தல் ஆகாது.

இனி வங்கி சார்ந்த செய்தி. கடன் தொகை மதிப்பீட்டை ஒட்டியே முடிவாகிறது. அதில் இல்லாத செலவு பின்னர் வந்தால் சேமிப்பிலிருந்தோ, கூடுதல் வட்டியுள்ள தனிநபர் கடனிலிருந்தோதான் கொடுக்க நேரும். ஆகவே இடிப்புக் கூலி, மூட்டை கட்டுதல், வண்டி நடை, சேர்ப்பிக்கும் இடத்தின் கட்டணம் ஆகியவற்றைத் தனித்தனியே தொகையுடன் எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்ததாரருக்குரிய ஒரு தவணையை, கழிவு சேர்ந்ததற்கான ரசீது வரும்வரை நிறுத்தி வைப்பதாக உடன்படிக்கையில் சேர்க்கலாம். வருமான வரியிலும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய வரி முறையில், தாமே குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரையே கழிவு. வீடு வாங்கவோ கட்டவோ பெற்ற கடனுக்குரிய 2 லட்சம் ரூபாய் வரம்பு இதற்குப் பொருந்தாது. பலர் இதைத் தவறாகக் கணக்கிட்டுத் தவணையைத் திட்டமிடுகின்றனர்.

அண்மையில் எங்கள் பகுதியைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர் ஓட்டுக்கூரையை மாற்றக் கடன் கேட்டு வந்தார். மதிப்பீட்டில் அதே தொகையற்ற வரி. திருப்பிக் கொடுத்தபோது, "இதையெல்லாம் பேங்க் கேட்குமா சார்?" என்று சற்று மனத்தாங்கலுடன் வினவினார். சந்தின் அகலத்தைக் கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் அளந்துகொண்டு, பதினாறு நடைக்கான தொகை சேர்த்த புதிய மதிப்பீட்டுடன் வந்தார். ஆடி மாதத்துக்குள் வேலையை முடித்துவிடுவதாகவும் கூறினார்.