அருவியில் குதிப்பவர்கள் தடுப்பணைக்குப் பயப்படுகிறார்கள்

தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கோழிக்கோடு மாவட்டத்தின் கோடஞ்சேரி, திருவம்பாடி பக்கம் கூரையில் கயாக் படகு கட்டிய ஜீப்புகள் ஓடத் தொடங்கும். வயநாட்டு மலைச்சரிவிலிருந்து பாறை பாறையாக இறங்கும் சாலிப்புழை, இருவஞ்சிப்புழை இரண்டும்தான் காரணம். கோடையில் குழந்தைகள் கூழாங்கல் பொறுக்கும் இந்த ஆறுகள் மழைக்காலத்தில் ஆளை நிற்கவிடாது. 2013-ல் தொடங்கிய மலபார் நதித் திருவிழாவுக்கு உள்ளூர்ப் பையன்களோடு வெளிநாட்டு வீரர்களும் வருகிறார்கள். ஜெயிப்பவருக்கு ‘ராப்பிட் ராஜா’, ‘ராப்பிட் ராணி’ பட்டம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நுழைந்த ‘கயாக் கிராஸ்’, அதாவது நான்கு படகுகள் ஒரே நேரத்தில் மேடையிலிருந்து தண்ணீருக்குள் விழுந்து முட்டிமோதும் பந்தயம், இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. குடை பிடித்துக்கொண்டு கரை முழுக்க ஊரே நிற்கும்.

வேடிக்கை பார்ப்பவர்கள் துடுப்பைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய பத்து நிமிடத்தை. புது அருவி என்றால் எந்த வீரரும் அப்படியே இறங்கிவிடுவதில்லை. மேலேயே கரையேறி, பாறையில் நின்று பார்ப்பார். தண்ணீர் எங்கே விழுகிறது என்பதைவிட, விழுந்த பிறகு எந்த வழியாக வெளியே போகிறது என்பதில்தான் கண் இருக்கும். ஒரு காய்ந்த குச்சியை எறிவார்கள். அது விழுந்து, நுரைக்குள் மறைந்து, கீழே போய்த் தலைகாட்டினால் சரி. திரும்ப அருவியை நோக்கியே வந்தால், படகைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறை வழியாக நடந்துவிடுவார்கள். அதில் யாருக்கும் வெட்கமில்லை. இறங்குவதென்று முடிவானால், விளிம்பில் ஒரே ஒரு அழுத்தமான துடுப்பு வீச்சு, கூடவே முழங்காலால் படகின் மூக்கைத் தூக்குவது. படகு தட்டையாக விழ வேண்டும். மூக்கு குத்தி உள்ளே போனால், பின்னோக்கி உருளும் நீரில் மாட்டிக்கொள்ளும்.

அப்படி மாட்டினால்? கீழே பாறையில் ஒருவர் கயிற்றுப் பையோடு, அதாவது வீசினால் விரியும் மீட்புக் கயிறு அடைத்த பையோடு, தயாராக நிற்பார். அவர் நின்று கைகாட்டாமல் மேலே இருப்பவர் நகரமாட்டார்.

ஆபத்துகள் இன்னும் உண்டு. மழைக்காலக் கலங்கலில் தெரியாத விழுந்த மரம். அதன் கிளைகள் தண்ணீரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொள்ளும். அடி குடைந்த பாறை. ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் சிக்கும் பாதம். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், சிக்கிய காலை இழுத்தெடுப்பது லேசான காரியமல்ல.

இவ்வளவையும் பழகியவர்கள் எதைக் கண்டு ஒதுங்குகிறார்கள் தெரியுமா? இடுப்பளவு உயரத் தடுப்பணையை! சத்தமில்லாமல், கண்ணாடிபோலச் சீராக வழியும் சிமென்ட் சுவரை. எனக்கு இந்த ஒரு விஷயம்தான் மண்டைக்குள் குடைகிறது. சாகசம் பற்றி எழுத வந்தவன் அணைக்கட்டில் போய் நிற்பதை வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இயற்கையான அருவி கோணல்மாணலானது. எங்காவது ஒரு பக்கம் நீர் அறுத்துக்கொண்டு ஓடும், அந்த வழியாகத் தப்பிக்கலாம். தடுப்பணையோ இக்கரையிலிருந்து அக்கரைவரை மட்டம் பார்த்துக் கட்டியது. வழியும் நீர் ஒரே சீராக அடியில் பாய்கிறது. மேற்பரப்பு நீர் அணைச் சுவரை நோக்கித் திரும்பி ஓடுகிறது. உள்ளே விழுந்தவர் சுவருக்கு இழுக்கப்பட்டு, அமுக்கப்பட்டு, மேலே வந்து, மறுபடி இழுக்கப்படுவார். காற்று கலந்த நுரையில் உடல் சரியாக மிதக்காது, நீச்சலும் எடுபடாது. பக்கவாட்டில் போனாலும் வழுக்கும் சுவர். 1975-ல் நியூயார்க் மாநிலம் பிங்ஹாம்டனில், சஸ்குவெஹன்னா ஆற்றின் ஒரு சிறு அணையில் மாட்டியவரைத் தேடிப் போன தீயணைப்பு வீரர்களிலேயே மூன்று பேர் இறந்தார்கள். படமெடுக்கப்பட்ட அந்தக் காட்சியை மீட்புப் பயிற்சிகளில் போட்டுக் காட்டுவதுண்டு.

நம் ஊரில் என்ன நடக்கிறது? அணை நிரம்பி வழிகிறது என்ற செய்தி வந்ததும் டூவீலரில் கிளம்பிவிடுகிறோம். வழியும் தண்ணீருக்குக் கீழே முதுகைக் காட்டி உட்கார்வது, சுவர்மேல் நடந்து செல்ஃபி எடுப்பது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை வழக்கம். 2022 ஜூனில் கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றில், தடுப்பணை அருகே தேங்கிய நீரில் ஏழு பெண்கள் இறந்தார்கள். அங்கே கொன்றது உருளும் நீரல்ல, ஆழம். இருவஞ்சிப்புழையிலும் இதுதான் கதை. படகுக்காரர்கள் கயிறும் ஹெல்மெட்டுமாக இறங்கும் அதே ஆற்றில், பதங்கயம், அரிப்பாறை பக்கம் குளிக்க வந்தவர்கள் மூழ்கியதாகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது.

தடுப்பணை இல்லாவிட்டால் கிணற்றில் தண்ணீர் ஏது என்று விவசாயி கேட்பார். நியாயமான கேள்விதான். கட்ட வேண்டாம் என்று யார் சொன்னது? கீழ்ப்பக்கத்தைச் செங்குத்தாக விடாமல் படிகளாகவோ பாறைச் சரிவாகவோ அமைத்தால் அந்தச் சுழற்சி உடைந்துவிடும். அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் ரெட் ரிவர் அணைக்குக் கீழே அப்படிப் பாறைகளைக் கொட்டிச் சரிவாக்கினார்கள். இப்போது மீனும் ஏறிப்போகிறது.

அதுவரைக்கும் ‘இங்கு குளிக்கக் கூடாது’ பலகைக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுப் பையாவது தொங்கட்டும். இருபது மீட்டர் மிதக்கும் கயிறு, சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். கரையில் இருக்கும் டீக்கடைக்காரரும் பரிசல்காரரும் அரை நாளில் பழகிவிடலாம். மூழ்குபவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு, தலைக்கு மேலே போய் விழும்படி வீச வேண்டும். அணையென்றால் பக்கவாட்டில், கரையை நோக்கி இழுக்க வேண்டும். வீசியதும் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மறுமுனையில் ஆளின் எடையோடு ஆற்றின் இழுப்பும் சேர்ந்து வரும்.